கட்டி முடியட்டும்

வீடு வாங்கப் புறப்படுகிறவன் விசாரிக்காத விஷயம் இல்லை. குடிதண்ணீர் எப்படி, ஐப்பசி மழையில் தெருவில் எவ்வளவு நீர் தேங்கும், ரயிலடிக்கு எவ்வளவு நேர நடை, மூலப்பத்திரத்தில் வில்லங்கம் ஏதேனும் உண்டா என்று பலரையும் கேட்டுத் தெளிந்த பிறகே முன்பணத்தை எண்ணிக் கொடுக்கிறான். ஆனால் அடுத்த மனையில், தென்னையும் கிணறுமாகச் சாதுவாக நிற்கிற பழைய வீடு இன்னும் எத்தனை வருஷம் அப்படியே நிற்கும் என்ற கேள்வி மட்டும் அவனுக்கு எழுவதில்லை. மதிலுக்கு அப்பால் இருப்பது பிறர் சொத்து, அதைப் பற்றி விசாரிக்க நமக்கு என்ன பாத்தியதை என்ற மரியாதையான எண்ணமே அதற்குக் காரணம். அந்த எண்ணம் சட்டத்துக்குப் பொருந்தும். வாழ்க்கைக்கு அது போதாது என்பதை, மேற்கு மாம்பலத்தில், தொடங்கி முடியாமல் நிற்கிற ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டிக் குடியிருக்கிற எனக்கு அநுபவம் போதித்திருக்கிறது.

பழைய வீடுகள் இடிபடுவதைக் கண்டு பிரலாபிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்டார்கள். மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகுகிறது. சுண்ணாம்பை இடித்துப் பதமாக அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் இந்த வட்டாரத்தில் இல்லை. முதியவர் இருவர் எத்தனை நாள் வாளியும் தாம்பாளமும் வைத்து மழையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்? தவிரவும், மனைப்பரப்பில் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்றிருந்த பொது விதியை 2019-ஆம் வருஷத்துக் கட்டட விதிகள் இரண்டு மடங்காக உயர்த்திய பிறகு, தனி வீட்டைத் தனி வீடாகவே வைத்திருப்பவனைப் பைத்தியக்காரன் என்று உறவினரே எண்ணத் தலைப்பட்டுவிட்டனர். ரயில் பாதைக்குக் கிழக்கே இன்று ஜனசமுத்திரமாக விளங்கும் தியாகராய நகரே, வெள்ளைக்காரர்கள் லாங் டாங்க் என்று அழைத்த பெரிய ஏரியைத் தூர்த்து 1920களில் உண்டாக்கத் தொடங்கிய ஊர்தான். அதனால் கட்டுவதைக் குற்றம் என்று சொல்ல இந்தப் பேட்டையில் யாருக்கும் யோக்கியதை கிடையாது. என் விசாரம், தொடங்கிவிட்டு முடிக்காமல் நிறுத்தி வைப்பதைப் பற்றியது.

தொடக்கம் என்னவோ மங்களகரமாகவே இருந்தது. இடிக்க வந்தவர், வழக்கப்படி, வீட்டுக்காரருக்கே பணம் கொடுத்துவிட்டுத் தேக்கு உத்தரங்களையும் கதவு நிலைகளையும் பழைய செங்கல்லையும் லாரியில் ஏற்றிச் சென்றார். பூமி பூஜைக்கு எங்களையும் அழைத்து, சர்க்கரைப் பொங்கலும் சுண்டலும் கையில் கொடுத்து, “பதினெட்டே மாசம் சார், அப்புறம் உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது” என்று இளம் பொறியாளர் ஒருவர் வினயத்துடன் சொன்னார். வாகனங்களுக்குத் தரைத்தளத்தை ஒதுக்கிவிட்டு, மேலே ஐந்து மாடி எழும்பும் என்றும், நிலத்துக்காரர் நிலத்தையும் கட்டுகிறவர் முதலையும் போட்டு, வீடுகளைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு என்றும் தெரிந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள், மீசை முறுக்கிய திருஷ்டி பொம்மை ஒன்றைத் தெருவைப் பார்க்கக் கட்டினார்கள், எங்கள் மதிலை ஒட்டித் தகரத் தடுப்பு எழுந்தது.

பிறகு நிலத்தைத் துளைக்கும் வேலை. இந்தப் பக்கத்து மண் களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். ஆகவே ஆழத்தில் உள்ள கெட்டியான அடுக்கைத் தேடித் துளைபோட்டுக் கம்பியும் கான்கிரீட்டும் இறக்குகிறார்கள். துளைக்கும் யந்திரம் இயங்குகையில் எங்கள் சமையலறைப் பித்தளைப் பாத்திரங்கள் அலமாரியில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். கூடத்துச் சுவரில் மெல்லிய கோடு ஒன்று ஓடத் தொடங்கியதும், அதைக் காட்டுவதற்குப் பொறியாளரை அழைத்து வந்தேன். “இந்த மண்ணிலே எந்த வீட்டிலும் விரிசல் இருக்கும் சார், இது பழசு” என்றார். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. மெய் என்று ஒப்புக்கொள்ளவும் முடியாது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைக்காரர் ஒருவர், விரிசலுக்குக் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டு ஒன்றைக் காரையால் இரு முனையிலும் ஒட்டி, அதன்மேல் தேதியைக் குறித்துவைத்தார். சுவர் அசைந்தால் கண்ணாடி முறியும். முறிந்தால் விரிசல் வளர்கிறது என்று அர்த்தம். வேலை தொடங்கும் முன்பே அண்டை வீடுகளின் சுவர்களைப் படம் எடுத்து, இரு தரப்பும் ஒப்பமிட்டு வைத்துக்கொண்டால் இந்த விவகாரமே எழாது என்றும் அவர் சொன்னார். எங்கள் தெருவில் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை; அதைக் கேளாத நகரவாசி எவருமில்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபலுமே இருக்கலாம் என்று 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. அந்த எண்களை இயற்றியவர்கள் மார்பிள் அறுக்கும் யந்திரத்தின் பக்கத்தில் நின்றிருக்க மாட்டார்கள். எனினும், தளம் போடுகிற இரவுகளை மட்டும் நான் மன்னித்துவிட்டேன். பகலில் கனரக லாரிகளை நகருக்குள் விடுவதில்லையாதலால் கலவை வண்டிகள் இரவில்தான் வரும். வந்துவிட்டால் பாதியில் நிறுத்தவும் இயலாது; முன்பு ஊற்றியது இறுகிய பிறகு புதுக்கலவையை ஊற்றினால் இரண்டும் ஒட்டாமல் தளத்தில் ஒரு பலவீனம் நிரந்தரமாகத் தங்கிவிடும். ஊருக்கு உறக்கம் போனாலும் தளம் ஒரே மூச்சில் முடிய வேண்டும் என்பதில் ஒரு தர்மம் இருக்கிறது. கட்டுமானத் தொழிலில் பாதியில் நிறுத்தக்கூடாது என்ற ஞானம் ஒரு தளத்தின் அளவில் இவ்வளவு தெளிவாக இருக்கையில், ஒரு கட்டடத்தின் அளவில் ஏன் இல்லாமல் போகிறது என்பதுதான் எனக்கு விளங்காத விந்தை.

வேலை நின்றது. ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குக் குடிநீர் கொண்டுவந்த 2019-இன் கோடையில் முதலில் தயங்கிற்று. கட்டடத்துக்கு வாங்கும் தண்ணீர் லாரியைப் பார்த்துத் தெருவே முகம் சுளித்த காலம் அது. அடுத்த வருஷம் மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருந்த தொழிலாளர்கள், தகரக் கொட்டகையில் சில வாரம் அரைவயிறாகக் கிடந்துவிட்டு ஊர் திரும்பினார்கள். இவை யாருடைய குற்றமும் அல்ல. ஆனால் ஊரடங்கு நீங்கிய பின்னும் வேலை தொடங்கவில்லை. நிலத்துக்காரர் காலமாகி, அவருடைய வாரிசுகளுக்கும் கட்டுகிறவருக்கும் பங்கில் தகராறு மூண்டு, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. தாமதத்தை மன்னிக்கத்தக்க காரணங்கள் என்று சட்டம் ஒரு ஜாபிதா வைத்திருக்கிறது: யுத்தம், வெள்ளம், வறட்சி, தீ, புயல், பூகம்பம், இயற்கையின் பிற உற்பாதங்கள். கொரோனாவையும் அந்த வகையில் சேர்த்து ஆறு மாதம் நீட்டித்துக் கொடுக்குமாறு 2020 மே மாதத்தில் மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொல்லிற்று. சகோதரச் சண்டை அந்த ஜாபிதாவில் இல்லை. பாரத தேசத்தின் அநுபவத்தை உத்தேசித்து அதை முதலில் சேர்த்திருக்க வேண்டும்.

ஓசை நின்றவுடன் நிம்மதி வந்தது என்று நினைத்தோம். அது சில நாள்தான். வேலை நடக்கும்போது உண்டாகும் உபத்திரவத்துக்கு ஒரு திசை இருக்கிறது. இன்று நான்காம் தளம், நாளை ஐந்தாம் தளம், பிறகு பூச்சு என்று மனம் எண்ணி ஆறுதல் பெறுகிறது. நின்ற வேலையில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளுக்குத் துருப்பிடிக்காமலிருக்கச் சிமெண்ட் பால் பூசிவிட்டுப் போனார்கள். அதைக் கண்டதுமே, இவர்கள் சீக்கிரத்தில் திரும்புகிறவர்கள் அல்லர் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். லிஃப்டுக்காகத் தோண்டிய குழியில் மழைநீர் தெளிந்து நின்றது. டெங்குவைப் பரப்பும் கொசுவுக்கு அப்படிப்பட்ட தெளிந்த நீர்தான் பிரீதி. முட்டையிலிருந்து சிறகு முளைக்க அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள் போதும். மாநகராட்சிக்காரர் வருவார், மருந்து ஊற்றுவார், நோட்டீஸ் ஒட்டுவார். நோட்டீஸைப் படிக்க அங்கே யாருமில்லை.

யாருமில்லை என்றது பிழை. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த காவலாளியும் அவர் மனைவியும் பள்ளிக்குப் போகும் ஒரு சிறுமியும், சுவர் எழும்பாத தரைத்தளத்தில் இரண்டு தூண்களுக்கிடையே சேலையைத் திரையாகக் கட்டிக் குடும்பம் நடத்தினார்கள். தெருவில் கோபம் கொண்டவர்கள் எல்லோரும் அந்தக் கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்குக் கிடைத்த ஒரே மனிதர் அவர்தான். குழியில் கொசு என்றால் அவரைக் கேட்டார்கள். தகரம் காற்றில் அடித்தால் அவரைக் கேட்டார்கள். எப்போது முடியும் என்றும் அவரையே கேட்டார்கள். நான் கேட்டபோது, “தீபாவளிக்கு முன்னாடி வந்த சம்பளம்தாங்க ஐயா. இங்கேருந்து போயிட்டா பாக்கி வராதுன்னு உட்கார்ந்திருக்கோம்” என்றார். அநியாயம் மேலிருந்து இறங்குகிறது, அதற்கான கோபம் கிடைத்தவன் தலையில் விழுகிறது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இப்படிப்பட்ட கட்டடம் ஒன்றில் எத்தனை பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள் என்று ஒரு நாள் யோசித்துப் பார்த்தேன். நிலத்துக்காரர், கட்டுகிறவர், வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்கள், அவர்களுக்குக் கடன் கொடுத்த வங்கி, அனுமதி அளித்த அதிகாரி ஆகிய ஒவ்வொருவரும் எங்கேயோ ஓரிடத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஜனங்கள் ‘ரெரா’ என்று சுருக்கி வழங்குகிற 2016-ஆம் வருஷத்துச் சட்டம், வாங்குகிறவர் கொடுத்த பணத்தில் நூற்றுக்கு எழுபது பங்கைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்றும், குறித்த தேதியில் வீடு தராவிட்டால் வட்டி தர வேண்டும் என்றும் விதிக்கிறது. நல்ல சட்டம், தாமதத்துக்கு ஒரு விலை உண்டு என்று வாய்விட்டுச் சொன்ன சட்டம். ஆனால் அந்த விலை, பணம் கொடுத்தவனுக்கே சேரும். அண்டை வீட்டான் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடாதவன். அவனுடைய சுவரைச் சட்டம் அறியும். செவியை டெசிபலால் அறியும். அவனுடைய வருஷங்களை அளக்க அதனிடம் கோல் இல்லை.

மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினொரு மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 61 பேரைப் பலிகொண்டது யாவருக்கும் நினைவிருக்கும். அதன் பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடம், சுற்றுப்புறத்தாரை வெளியேற்றிவிட்டு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது 2016 நவம்பர் 2 அன்று. இடைப்பட்ட இரண்டு வருஷத்துக்கு மேல், காற்று பலமாக வீசிய ஒவ்வோர் இரவிலும் அதன் நிழலில் உறங்க முயன்ற குடும்பங்களின் மனநிலையை எந்த அறிக்கையிலும் நான் படித்ததில்லை. எங்கள் தெருக் கட்டடம் அப்படிப்பட்ட அபாயம் உடையது அன்று. எனினும் மழையிலும் வெயிலிலும் வெறுங்கூடாக நிற்கும் ஒன்றை அண்ணாந்து பார்க்கும்போது அந்த ஞாபகம் வராமலிருப்பதில்லை.

இனி என் தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டின் கிழக்கறையில் உள்ள ஜன்னலோரத்தில் அவர் கட்டில் கிடக்கும். காலை வெயில் நேராக விழும் இடம்; மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டே அவர் எழுந்திருப்பார். தகரமும் தூசியும் வந்த பிறகு, கட்டிலைப் பின்புறத்து உள்ளறைக்கு மாற்றினோம். “கட்டி முடியட்டும்டா, மறுபடியும் அங்கேயே போட்டுக்கலாம்” என்று அவரே சொன்னார். அந்த அறையில் பகலிலும் விளக்கு வேண்டும். பத்திரிகை வாசிப்பது குறைந்தது. பிறகு என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு கேட்பதும் நின்றது. கட்டடம் மூன்றாம் தளத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு மாசி மாதத்தில் அவர் அந்த உள்ளறையிலேயே காலமானார். இருபது வருஷம் இடையீடின்றி ஒரு ஜன்னல் வழியே வெளிச்சத்தை அநுபவித்தவனுக்கு அந்த வெளிச்சத்தில் உரிமை உண்டாகும் என்று 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் சொல்கிறது. அது முதன்முதலில் அமலுக்கு வந்த மாகாணங்களுள் சென்னையும் ஒன்று. என் தாயார் அதைவிட நெடுங்காலம் அந்த ஜன்னலடியில் வாசித்தவர். வழக்குத் தொடுத்திருக்கலாமே என்று ஒரு வக்கீல் நண்பர் கேட்டார். தொடுத்திருக்கலாம், தீர்ப்பு வருவதற்குள் கட்டடமே முடிந்திருக்கவும் கூடும். எண்பது கடந்தவர்களின் காலண்டரும் நீதிமன்றத்தின் காலண்டரும் ஒரே அச்சகத்தில் அச்சானவை அல்ல.

அவருடைய காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகுதான், எங்கள் வீட்டில் எத்தனை விஷயங்கள் அந்த ஒரே வாக்கியத்தின் கீழ் ஒதுக்கப்பட்டுக் கிடக்கின்றன என்பது எனக்குத் தென்பட்டது. கட்டி முடியட்டும், வெள்ளையடிக்கலாம். கட்டி முடியட்டும், மாடியில் வடாம் இடலாம். கட்டி முடியட்டும், பெண்ணின் சீமந்தத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, கடைசியில் மண்டபத்தில் நடத்தினோம். கட்டுகிறவர் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அமைதியும் சிறிது வெளிச்சமும். அவர் கேளாமலே நாங்கள் தூக்கிக் கொடுத்தது அவற்றைவிட அதிகம். விதைத்தவன் மழைக்குக் காத்திருப்பது பொறுமை. விளைச்சலில் ஒரு மணியும் தனக்கு இல்லாத வயலின் வரப்பில் நின்று வானம் பார்ப்பதற்கு என்ன பெயர் இடுவதென்று தெரியவில்லை. அதைச் சகிப்புத்தன்மை என்று நாங்கள் எங்களுக்குள்ளே புகழ்ந்துகொண்டிருந்தோம்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு என்பதை அறிவேன். கட்டடத்தை மறந்து உன் வாழ்க்கையைப் பார் என்று சொல்வது, தாமதம் செய்கிறவனுக்கு வசதியான உபதேசமாக முடியுமல்லவா? எல்லா உபத்திரவத்துக்கும் மனத்தைப் பழக்கிக்கொள்ளும் ஜனங்களே, எல்லா உபத்திரவத்துக்கும் பாத்திரர்களாகிறார்கள். இந்த ஆட்சேபத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் எதிர்த் திசையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. எங்கள் தெருவிலேயே, பல விஷயங்களைச் சுவையாகப் பேசக்கூடிய ஒரு பெரியவர் இருந்தார். கச்சேரிகளைப் பற்றியும் பழைய டெஸ்ட் பந்தயங்களைப் பற்றியும் அவரிடம் கேட்க ஆசையாயிருக்கும். இந்தக் கட்டடம் தொடர்பாக மனுக்கள் எழுதத் தொடங்கி, பதில்களைக் கோத்து வைத்து, நாளடைவில் அவருடைய கோப்பு தடித்தது, பேச்சு மெலிந்தது. எந்தக் கச்சேரியைப் பற்றி எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் லிஃப்ட் குழிக்கு வந்துவிடுவார். மனு எழுதுவது அவசியம். சொத்து வரி கட்டுவதுபோல் உரிய நாளில் அதைச் செய்துவிட்டு எழுந்துவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மனுவே மனிதனாகிவிட்டால் அங்கும் கட்டுகிறவருக்குத்தான் ஜயம்.

ஆகவே சென்ற தை மாதத்தில் வெள்ளையடித்தோம். தூசி வருமே என்று பெயிண்டர் தடுத்தார். வந்தால் துடைத்துக்கொள்வோம் என்றாள் என் மனைவி. கிழக்கறையில் என் புத்தகங்களை அடுக்கி மேஜை போட்டுக்கொண்டேன். வெளிச்சம் முன்போல் இல்லை. இருக்கிற மட்டும் போதுமானதாக இருக்கிறது. மாநகராட்சிக்கு மாதம் ஒரு கடிதம் போகிறது. கண்ணாடித் துண்டு முறியவில்லை; பொறியாளர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வாங்கியவர்கள் வந்து பார்க்கிறார்கள். வாரிசுகளுக்குள் ஏதோ சமரசமாகிவிட்டதாகச் சொல்கிறார்கள். நான்காம் தளத்துக்குச் சாரம் கட்டும் வேலை தொடங்கியிருக்கிறது. முன்பெல்லாம் அவர்களைப் பார்த்தால் எனக்கு இனம்புரியாத எரிச்சல் உண்டாகும். இவர்களுக்காகத்தானே இவ்வளவும் என்று தோன்றும். பேசிப் பார்த்தபோது, வங்கித் தவணையும் வாடகையும் சேர்த்துக் கட்டி, இரண்டாவது குழந்தையைத் தள்ளிப்போட்டிருந்த ஒரு தம்பதியைச் சந்தித்தேன். அவர்களும் அதே வாக்கியத்தை, நங்கநல்லூரில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லாததால், தங்கள் வீடு எப்படி இருக்கிறது என்று எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்க்கலாமா என்று கேட்டார்கள். பார்த்தார்கள். “இங்கே தண்ணி எப்படிங்க, கொசு ஜாஸ்தியா?” என்று அந்தப் பெண் விசாரித்தாள். களிமண்ணைப் பற்றியும், போர்வெல் நீரின் உப்பைப் பற்றியும், லிஃப்ட் குழியைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னேன். மேற்குப் பக்கத்துப் படுக்கையறையில் கோடை மாலையில் வெயில் தாங்காது, அலமாரியை அந்தச் சுவரோடு வைத்துவிடுங்கள் என்று என் மனைவி சொன்னாள்.

போன வாரம் அந்தப் பெண்ணின் கணவர் ஒரு விண்ணப்பத்துடன் வந்தார். வாங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்து, முடிக்கும் தேதியை எழுத்தில் கேட்கிறார்களாம். தெருக்காரர்களும் கையெழுத்திட்டால் பலமாயிருக்குமே என்றார். குழியை உடனே மூட வேண்டும், காவலாளியின் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும், எங்கள் மதிலோரத்து வடிகாலை அடைத்திருக்கும் கலவையை வெட்டி எடுக்க வேண்டும் என்று மூன்று வரிகளைச் சேர்த்துவிட்டு ஒப்பமிட்டேன். பெயர்களுக்கு எதிரே ‘திட்டத்துடன் தொடர்பு’ என்று ஒரு பத்தி இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் அதில் வீட்டு எண் எழுதியிருந்தது. எனக்கு என்ன போடுவது என்று அவர் பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். “மேற்கு வீடு என்று போடுங்கள்” என்றேன்.